நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் மகன் வீட்டை எழுதித் தரச் சொல்கிறார்

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் ஆலோசனை

கடிதம் எழுதியவர் கொக்குவிலில் வசிக்கும் 61 வயதுப் பெண். ஆசிரியையாக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். கணவர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். மரணசாதனம் (உயில்) எதுவும் அவர் எழுதி வைக்கவில்லை. வீடு நிற்கிற 2 பரப்புக் காணி, 1989இல் கல்யாணத்தின்போது பெற்றோர் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அந்த உறுதி (காணிப் பத்திரம்) 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் உள்ள 2 பரப்பைக் கணவர் 1998இல் தன் பெயரில் வாங்கினார். கிணறும் படலையும் அந்த முன்காணிக்குள் வருகின்றன.

மகள் கல்யாணம் செய்து மானிப்பாயில் இருக்கிறார். அவருக்குச் சீதனம் என்று எதுவும் கொடுக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் கேட்கவுமில்லை. மகன் கனடியப் பிரஜை, குடும்பத்தோடு ரொறன்ரோவில். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை லீவில் வருகிறார். அதற்குள் 4 பரப்பையும் வீட்டையும் தன் பெயருக்கு எழுதித் தந்தால் மேல்மாடி கட்டலாம், அம்மா கடைசிவரை அங்கேயே இருக்கலாம், விருப்பமென்றால் கனடாவுக்கும் வரலாம் என்கிறார். கட்டட வேலையைத் தொடங்கத் தாயின் பணிக்கொடைப் பணத்தைக் கேட்கிறார்.

வீட்டில் 86 வயது மாமியும் இருக்கிறார். ஞாபகமறதி நோய், பின்னேரமானால் மருமகளைத் தன் தமக்கையென்று நினைத்துக் கூப்பிடுகிறார். மாமிக்கு இணுவிலில் 6 பரப்புத் தோட்டக் காணி சொந்தம். பிள்ளைகள் இரண்டு ஆண்கள்தான்: காலமான கணவரும் அவருடைய தம்பியும். தம்பியார் அற்றோர்ணித் தத்துவக் கடதாசி (ஒருவர் சார்பில் இன்னொருவர் அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்றைக் கொண்டுவந்து, மாமியின் பெருவிரலை வைத்து, சாட்சிக்கு ஒரு கையெழுத்தும் கேட்கிறார்.

கடிதம் இப்படி முடிகிறது: “எனக்கே இப்ப சாவியை எங்கை வைச்சனான் எண்டு மறக்குது. மாமி மாதிரி ஆகிறதுக்கு முதல் எல்லாத்தையும் பிள்ளையிட்டைக் குடுத்திட்டு நிம்மதியா இருக்கலாம் எண்டு நினைக்கிறன். சரிதானே?”

அன்பின் ரீச்சர்,

பாதி சரி. புத்தி தெளிவாக இருக்கும்போதே கடதாசி அலுவல்களை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அது மிகச் சரி. மாமியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது விளங்கும். எல்லாவற்றையும் கொடுத்தால் நிம்மதி வரும் என்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. உங்களுக்கு 61 வயது. இன்னும் இருபது, இருபத்தைந்து வருடம் நீங்கள் இருந்து சமைத்துச் சாப்பிட்டு, மருந்து வாங்கி, ஓடு மாற்றி, கரண்ட் பில் கட்ட வேண்டிய வீடு அது. அதை யார் பெயரில் வைப்பது என்பதை மகனின் விமான ரிக்கெற் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் மாமியின் பெருவிரல்

கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் இதைத்தான் முதலில் எடுக்கிறேன். மற்ற அலுவல்கள் காத்திருக்கும். இது அடுத்த தடவை தம்பியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது நடந்துவிடலாம்.

தான் எதில் கைவைக்கிறேன் என்று விளங்காத ஒருவரின் கைநாட்டு, சட்டத்தில் வெறும் மைதான். கைநாட்டு வைப்பவருக்கு ஆவணத்தை வாசித்து விளக்கியதாகவும் அவர் விளங்கிக்கொண்டு வைத்ததாகவும் நொத்தாரிசு (உறுதிகள் எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) உறுதிப்படுத்த வேண்டும். சாட்சிகள் அதற்குத் துணை நிற்கிறார்கள். நாளைக்கு அந்தக் காணி கைமாறி யாராவது வழக்குப் போட்டால், கூண்டில் முதல் ஏற்றப்படுகிறவர் கூடவே இருந்து பராமரித்த மருமகளாகத்தான் இருப்பார். “மாமிக்கு அப்ப புத்தி தெளிவா?” என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் பொய்ச் சாட்சி, இல்லை என்றால் ஏன் கையெழுத்து வைத்தீர்கள்? இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை. வைக்காதீர்கள்.

இன்னொன்று. மாமி ஐந்து வருடத்துக்கு முன், நல்ல தெளிவோடு இருந்தபோது இந்தத் தத்துவத்தைக் கொடுத்திருந்தாலும் இன்றைக்கு அதை வைத்துக் காணி விற்க முடியாது. கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்தால் அவர் கொடுத்த அதிகாரமும் போய்விடுகிறது. அவர் இறந்தால் அந்த நிமிடமே அது செல்லாது. எங்கள் ஊரில் “பவர் குடுத்தாச்சு” என்றால் சாகும்வரைக்கும், செத்த பிறகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படிப்பட்ட பத்திரம் இங்கே இல்லை.

மாமியின் செலவுக்கு உண்மையிலேயே அந்தக் காணியில் கைவைக்க வேண்டியிருந்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு வைத்திய அறிக்கையோடு விண்ணப்பித்து, அவருடைய சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கச் செய்யலாம். அப்படி நியமிக்கப்படுகிறவர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவசரத் தேவை இல்லையென்றால் காணியை அப்படியே விடுங்கள். மாமி மரணசாதனம் எழுதாமல் காலமானால், அவருடைய காணி இரண்டு பிள்ளைகளின் வழிக்கும் பாதி பாதி: தம்பியாருக்கு 3 பரப்பு, உங்கள் கணவரின் இடத்தில் நின்று உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் 3 பரப்பு. மருமகள் என்ற முறையில் உங்களுக்கு அதில் எதுவும் வராது. குளிக்க வார்த்து, சோறு ஊட்டி, இரவில் எழும்பிப் பார்ப்பவருக்கு ஒரு குழி நிலம் கூட இல்லை என்பது கேட்க நன்றாக இல்லைதான். மாமியின் மருந்து, பம்பர்ஸ், வைத்தியச் செலவுகளை இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, பில்லையும் ஒட்டி வையுங்கள். தம்பியாரிடம் செலவில் பங்கு கேட்கவும், பின்னால் பங்கு பிரிக்கும்போது கணக்குக் காட்டவும் அது உதவும்.

தம்பியாரோடு சண்டை வேண்டாம். “டொக்டர் மாமிக்குப் புத்தி தெளிவு எண்டு கடிதம் தந்தால் நான் மறுக்கேல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். கடிதம் வராது.

எது உங்களுடையது?

4 பரப்பையும் எழுதித் தா என்று மகன் கேட்கிறார். 4 பரப்பும் உங்களிடம் இல்லை.

நீங்கள் வடமாகாணத் தமிழர், ஆகவே தேசவழமை பொருந்துகிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய வழக்கங்கள் இவை. இன்று கணவன் மனைவி சொத்துக்கும் பின்னுரித்துக்கும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் அதற்கு 1947இல் வந்த திருத்தத்தையும் வைத்துத்தான் பார்க்கிறோம். அதன்படி உங்கள் வளவு இரண்டு விதச் சொத்து.

வீடு நிற்கிற 2 பரப்பு உங்கள் சீதனம், உங்கள் தனிச் சொத்து. ஒன்றை மட்டும் பாருங்கள்: சீதன உறுதி உங்கள் பெயருக்கு மட்டும் எழுதப்பட்டதா, அல்லது மாப்பிள்ளையின் பெயரும் சேர்ந்திருக்கிறதா? சில குடும்பங்களில் இருவருக்கும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் கணக்கு மாறிவிடும். “கணவர் இல்லாதபடியால் என் கையெழுத்துச் செல்லாது என்கிறார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். அது தலைகீழாகக் கேட்ட கதை. தேசவழமையில் கணவர் உயிரோடு இருக்கும்போதுதான் மனைவி தன் காணியை விற்கவோ கொடுக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுத அப்போதும் தேவையில்லை. விதவையான பின் யாருடைய சம்மதமும் தேவையில்லை, மகனுடையதும்தான்.

முன்காணி 2 பரப்பு, கல்யாணத்துக்குப் பின் காசு கொடுத்து வாங்கியபடியால் தேடியதேட்டம். கணவர் மரணசாதனம் எழுதாமல் போனதால் அதில் பாதி உங்களுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஒரு பரப்புக்கு 18 குழி. 2 பரப்பு 36 குழி. உங்களுக்கு 18, மகனுக்கு 9, மகளுக்கு 9. மகள் “கட்டிக் கொடுத்த பிள்ளை” என்பதால் பங்கு இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். சீதனமே வாங்காத பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்ல எந்த வழியும் இல்லை.

இந்தக் குழிகள் எல்லாம் பிரிக்கப்படாத பங்குகள். கிணற்றடி மகனுக்கு, படலையடி மகளுக்கு என்று எவரும் கோடு கிழிக்க முடியாது. ஆகவே மகள் கையெழுத்து வைக்காமல் முன்காணி முழுவதையும் மகனுக்கு எழுதினால், மகளின் 9 குழிக்கு அந்த உறுதி செல்லாது. பின்னால் அது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்காகத்தான் போய் நிற்கும். அந்த வழக்குகள் எத்தனை வருடம் இழுபடும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கிணற்றையும் படலையையும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக் காணி ஒருவருக்கும் முன்காணி இன்னொருவருக்கும் போய்விட்டால், வீட்டுக்காரர் தண்ணீர் அள்ளவும் றோட்டுக்கு ஏறவும் மற்றவர் காணிக்குள்ளால் போக வேண்டும். எந்த உறுதி எழுதினாலும் “கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்” என்ற வரி அதில் இருக்கிறதா, நில அளவைப் படத்தில் அந்தப் பாதை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அக்காவும் தம்பியும் இன்று நல்லம். அவர்களின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கண்டதேயில்லையே.

மகனுக்கு இப்போதே எழுதினால்

நன்கொடை உறுதி முடிந்த நாளிலிருந்து வீடு மகனுடையது. “பிறகு பிடிக்காவிட்டால் மாத்தி எழுதலாம்தானே” என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. வழமையாக எழுதப்படும் உறுதிகளில் “மீளப்பெற முடியாத” என்ற சொல் இருக்கும். அதை முறிக்க வேண்டுமென்றால் பிள்ளை மிக மோசமான நன்றிகேடு செய்தார் என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். இதற்கென்றே 2017இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நீங்களாக நொத்தாரிசிடம் போய் ரத்து உறுதி எழுதினால் எடுபடாது. பிள்ளை போன் எடுக்காமல் விடுவதும் மருமகள் முகம் கொடுக்காமல் விடுவதும் சட்டத்தில் நன்றிகேடு ஆகாது.

மகன் கனடியப் பிரஜை என்பதால் காணி எழுதவே முடியாது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் உரிமையாளர் தன் நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ கொடுப்பதற்கும், பின்னுரித்தாகப் போவதற்கும் அதில் விலக்கு இருக்கிறது. தாயிடமிருந்து மகனுக்குத் தடையில்லை. அதே மகன் பக்கத்து வளவைக் காசு கொடுத்து வாங்க வெளிக்கிட்டால், இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறதா என்ற கேள்வி வரும்.

எப்படியும் எழுதுவது என்று முடிவெடுத்தால், சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். “அம்மா இருக்கலாம்” என்று மகன் வாயால் சொல்வது வேறு, உறுதியில் அது ஏறுவது வேறு. சீவிய உரித்து உங்களிடம் இருந்தால் வீட்டில் இருக்கலாம், ஓர் அறையை வாடகைக்கு விடலாம், மாவும் தென்னையும் உங்களுடையவை. மகன் விற்றாலும் வாங்குகிறவர் உங்களை எழுப்ப முடியாது. இதனால்தான் விற்கிற நேரம் வரும்போது “ஒரு சின்னக் கையெழுத்து அம்மா” என்று சீவிய உரித்தை விடுவிக்கும் உறுதி ஒன்று மேசைக்கு வரும். அந்தச் சின்னக் கையெழுத்துக்குப் பிறகு உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

சீவிய உரித்தாலும் தடுக்க முடியாத ஓர் ஆபத்து இருக்கிறது. பெற்ற தாயிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: மகன் உங்களுக்கு முதல் காலமானால் வீடு உங்களிடம் திரும்பி வராது. அவருடைய உரித்தாளர்களுக்குப் போகும். “மகனுக்குப் பிறகு பேரனுக்கு” என்று கட்டுப்படுத்தி எழுதலாமா என்றால், அந்த வகை உறுதிகளை 1972இலேயே சட்டம் ஒழித்துவிட்டது. பழைய உறுதிகளில் அப்படிப் பார்த்திருப்பீர்கள். இப்போது செல்லாது.

நன்கொடையை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். மகன் இங்கே நின்றால் அதே உறுதியில் கையெழுத்து வைப்பார். அவர் கனடாவில் இருக்கும்போது எழுதினால் அவர் சார்பில் யார் ஏற்கிறார், எந்த அதிகாரத்தில் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அது இல்லாத உறுதிகளால்தான் பின்னால் இழுபறி வருகிறது.

மரணசாதனம் என்றால் ஏன் பயம்?

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு கூச்சம். எழுதினால் ஆயுள் குறைந்துவிடும் என்பது போல. உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் இருக்கும்வரை வீடு உங்களுடையது. மகன் மாறினால், மகளுக்குக் கஷ்டம் வந்தால், நீங்களே மாறினால், பழையதை ரத்துச் செய்து புதிதாக எழுதலாம், எத்தனை தடவையும். வீட்டு 2 பரப்பையும் முன்காணியில் உங்கள் 18 குழியையும் யாருக்கு எப்படி என்று அதில் சொல்லலாம். வீடு மகனுக்கு, முன்காணிப் பங்கு மகளுக்கு, தண்ணீருக்கும் பாதைக்கும் இருவருக்கும் உரித்து என்று எழுதினால் ஒரு வழக்கையே முளையில் கிள்ளியதாகும். இது ஓர் உதாரணம்தான், தீர்மானம் உங்களுடையது.

நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். முதலாவதையே செய்யுங்கள். சொத்துப் பெறுகிற மகளையோ மருமகனையோ சாட்சியாகப் போடாதீர்கள். நிறைவேற்றுநர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அவர் இலங்கையில் இருப்பவராக இருந்தால் அலைச்சல் குறையும். இதில் குறை ஒன்று உண்டு: நீங்கள் காலமான பின் பிள்ளைகள் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு நடத்திச் சொத்தைத் தங்கள் பெயருக்கு எடுக்க வேண்டும். காலமும் காசும் போகும். மகன் நன்கொடை உறுதியை விரும்புவதற்கு இதையே காரணம் சொல்வார், அது நியாயமான காரணமும்தான். ஆனால் அந்தச் சுமை பிள்ளைகளுடையது. வீடில்லாமல் போகும் சுமை வந்தால் அது உங்களுடையது.

சாவி மறக்கிற விஷயம். சாவியை மறப்பதும் சட்டத்தின் கண்ணில் புத்தி தெளிவு இல்லாமல் போவதும் ஒன்றல்ல. உங்களிடம் என்ன சொத்து இருக்கிறது, பிள்ளைகள் யார், இந்தக் கடதாசி என்ன செய்யும் என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதிய கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன, பரப்புக் கணக்கோடு. ஆனாலும் வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுங்கள். துக்கம், நித்திரையின்மை, தைரொயிட், விற்றமின் பி12 குறைவு எல்லாம் மறதியைக் கொண்டுவரும், அவை மாற்றக்கூடியவை. மாமியோடு இரவிரவாக விழித்திருக்கிற ஒருவருக்கு மறதி வராவிட்டால்தான் அதிசயம். மரணசாதனம் எழுதுகிற கிழமையில் வைத்தியரின் கடிதம் ஒன்றை வாங்கி அதோடு வைத்தால், பின்னால் யாரும் “அம்மாவுக்கு அப்பவே மறதி” என்று கிளப்ப இடமிராது.

பணிக்கொடையைத் தொட வேண்டாம்

கையில் வந்த பெரிய தொகை ஓய்வுக்குக் கிடைத்த பரிசு போலத் தோன்றும். அது உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது. அதனால்தான் முதல் 10 வருடங்களுக்குக் குறைத்த ஓய்வூதியம் வருகிறது. 70 வயதுவரை மாதாமாதம் குறைகிற காசைத்தான் மேல்மாடியில் சீமெந்தாகக் கொட்டப் பார்க்கிறீர்கள். அதுவும் மகன் பெயருக்கு மாறப்போகிற வீட்டில்! மேல்மாடி அவருக்கு வேண்டுமென்றால் அவருடைய காசில் கட்டட்டும்.

ஒரு வருடச் செலவுக்கான தொகையைச் சாதாரண சேமிப்பில் வைத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று நிலையான வைப்புகளாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போடுங்கள். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். மத்திய வங்கி அனுமதி பெற்ற நிறுவனத்தில்தான் போட வேண்டும். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான் என்பதால் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள். சேமிப்புப் புத்தகத்தில் பின்னுரித்தாளராகக் காலமான கணவரின் பெயர் இன்னும் இருக்கும், மாற்றுங்கள். பிரதேச செயலகத்தில் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றைப் புதுப்பிப்பதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். அங்கே போகும்போதே 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான முதியோர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் கொடுக்கலாம்.

கனடா

போய் வாருங்கள், குடியேறுவதைப் பிறகு பார்க்கலாம். பெற்றோருக்கான சுப்பர் விசாவில் ஒரு தடவை போனால் 5 வருடம் வரை நிற்கலாம். அதற்கு மகனின் வருமானம் போதுமானதாக இருக்க வேண்டும், குறைந்தது 100,000 கனடிய டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். அந்த விசாவில் நிற்பவருக்கு அரசாங்க மருத்துவம் இலவசம் என்று நினைக்காதீர்கள். அங்கே போனால் முதியோர் கொடுப்பனவு கிடைக்கும் என்பதும் உடனே நடக்கிற காரியமில்லை: 65 வயதாகியிருக்க வேண்டும், சட்டப்படி குறைந்தது 10 வருடம் அங்கே வசித்திருக்கவும் வேண்டும். ஆக, முதல் பல வருடங்களுக்குப் பஸ் ரிக்கெற்றுக்கும் மகனைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். முதல் தடவை கோடையில் போகாமல் கார்த்திகையில் போய்ப் பங்குனியில் வாருங்கள். ஜன்னலுக்கு வெளியே பனி, மகனும் மருமகளும் வேலையில், பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ற பகல் பொழுதை நான்கு மாதம் இருந்து பார்த்தால் முடிவு தானாகத் தெரியும். அதுவரை கொக்குவில் வீடு உங்கள் பெயரில் இருக்கட்டும். திரும்பி வர ஓர் இடம் வேண்டும். மாமியை அந்த நான்கு மாதமும் தம்பியார் பார்ப்பாரா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

அந்த மூன்று கிழமைக்குள்

மகன் வருவதற்கு முன் யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சீதன உறுதிக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். மூலப் பிரதி தொலைந்தாலும் நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பிய இரட்டைப் பிரதி அங்கே இருக்க வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் சுகம். தெரியாவிட்டால் 1998 உறுதியில் எல்லைகள் எழுதிய இடத்தைப் பாருங்கள், பக்கத்துக் காணி உங்களுடையது என்பதால் அதில் ஏதாவது தடயம் இருக்கலாம். இரண்டு காணிக்கும் பதிவேட்டைத் தேடுவித்து, ஈடு, ஒற்றி, தடை ஏதும் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கணவரின் மரணச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே பிடிபடும்.

மகன் நிற்கிற மூன்று கிழமைக்குள் செய்யக்கூடியது, மகளையும் வைத்து மூவரும் முன்காணி பற்றிப் பேசுவது. நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து, மூவரும் ஒப்புக்கொண்டால் பங்கீட்டு உறுதி எழுதி வழக்கில்லாமல் பிரிக்கலாம். அதற்கு மகன் நேரில் நிற்பது நல்லது. இது முடிந்தாலே அவருடைய லீவு பிரயோசனப்பட்டதாகிவிடும். நன்கொடை உறுதியை அந்த அவசரத்தில் செய்ய வேண்டாம்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் கோபமாகத்தான் முடியும். இப்போதே வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். இப்படிச் சொல்லலாம்: “தம்பி, வீட்டை உனக்குத் தராமல் விடப்போறேல்லை. முன்காணியிலை அக்காவுக்கும் பங்கிருக்கெண்டு லோயர் சொல்லுறார். அப்பான்ரை காணியை முதல் ஒழுங்காப் பிரிப்பம். வீட்டை நான் மரணசாதனத்திலை எழுதி வைக்கிறன். இப்ப என்ரை பேரிலை இருக்கட்டும். நீ வந்து நல்லூருக்குப் போட்டு வா, மிச்சத்தைக் கதைப்பம்.”

நொத்தாரிசை நீங்களே தெரிந்தெடுங்கள். மகனின் சிநேகிதர் ஒருவர் குறைந்த காசுக்குச் செய்து தருவதாக எழுதியிருந்தீர்கள், அவர் மகனுக்கு வேலை செய்பவர். மாமியின் பெருவிரலுக்கு அந்தக் கடதாசியை எழுதிக் கொடுத்தவரிடமும் போக வேண்டாம்.